எல்லை தாண்டி வரும் பாட்டு

கல்லூரிக்கு வரும் வழியில் நாள்தோறும் ஒரு சிறு வேடிக்கை நடக்கிறது. ஓசூரில் காலை 7 மணிக்கு நான் ஏறும் தனியார் பேருந்தின் ஓட்டுநர் அண்ணன், வண்டியைக் கிளப்பும்போதே வானொலியையும் திருப்பிவிடுவார். பெங்களூர்ப் பண்பலை நிலையம் ஒன்று பாடத் தொடங்கும். கன்னடப் பாட்டு, இந்திப் பாட்டு, இடையிடையே நகைக்கடை விளம்பரம். பிறகு ஒரு பெண் குரல், சில்க் போர்டு சந்திப்பில் கடும் நெரிசல் என்றும், வேறு வழியாகச் செல்வது நல்லது என்றும் கனிவோடு எச்சரிக்கும். நாங்களோ அதற்கு நேர் எதிர்த் திசையில் சூளகிரியை நோக்கிப் போய்க்கொண்டிருப்போம். பேருந்தில் இருப்பவர்கள் சிரித்துக்கொள்வார்கள். சூளகிரி மலைகளைக் கடந்து வண்டி தாழ்வான நிலத்துக்கு இறங்கத் தொடங்கியதும் பாட்டு கரகரக்கும். சிறிது நேரத்தில் அறுந்துபோகும். ஓட்டுநர் அண்ணன் பென்டிரைவைச் செருகி இளையராஜாவை அழைத்துக்கொள்வார்.

சிரித்துவிட்டு மறந்துவிடக்கூடிய செய்திதான். ஆனால் ஓராண்டாக இதைப் பற்றி எண்ணி வருகிறேன். தொழிற்சாலைகளால் பெயர் பெற்ற நம் ஓசூரில், காலையில் எழுந்ததும் காதில் விழும் வானொலிக் குரல் ஏன் நம் ஊரைப் பற்றி ஒரு சொல்லும் சொல்வதில்லை? 40 கிலோமீட்டருக்கு அப்பாலிருக்கும் நகரத்தின் நெரிசல் நமக்குத் தெரிகிறது. நம் தெருவின் நெரிசல் நமக்குத் தெரிவதில்லை. இது எப்படி நேர்ந்தது? இது இப்படியே இருக்க வேண்டுமா? வரலாற்று மாணவன் என்ற முறையில் முதல் கேள்விக்கும், இந்த மண்ணில் பிறந்தவன் என்ற முறையில் இரண்டாவது கேள்விக்கும் விடை தேட முயன்றிருக்கிறேன். பேராசிரியப் பெருமக்களும் மாணவ நண்பர்களும் பிழை இருப்பின் பொறுத்தருள வேண்டுகிறேன்.

தேடி வந்த ஒலி

எல்லை தாண்டி வரும் வானொலி நமக்குப் புதிதன்று. உலகத்துக்கும் புதிதன்று. 1930களில் இங்கிலாந்தில் பி.பி.சி. ஒன்றே வானொலி, அதில் விளம்பரம் கிடையாது, ஞாயிற்றுக்கிழமைகளில் கேளிக்கையும் குறைவு. அதைக் கண்ட ஐரோப்பாவின் மிகச் சிறிய நாடுகளில் ஒன்றான லக்சம்பர்க், 1933இல் ஆங்கிலத்தில் ஒலிபரப்பத் தொடங்கியது. ஆங்கிலேய வணிகர்கள் விளம்பரம் தந்தார்கள்; ஆங்கிலேய மக்கள் பாட்டுக் கேட்டார்கள்.

அதே கதை நம் பக்கத்திலும் நடந்தது. இரண்டாம் உலகப் போரின்போது நேச நாட்டுப் படைவீரர்களுக்காகக் கொழும்பில் ஆற்றல் மிக்க சிற்றலை ஒலிபரப்பி ஒன்று நிறுவப்பட்டது. போர் முடிந்த பின் அது இலங்கை அரசின் கைக்கு வந்தது. 1950இல் இலங்கை வானொலி தன் வர்த்தக சேவையைத் தொடங்கியது. அடுத்த இரண்டே ஆண்டுகளில் இந்தியாவில் ஒரு மாற்றம். 1952இல் செய்தி ஒலிபரப்புத் துறை அமைச்சரான பி.வி. கேஸ்கர், திரைப்பாடல்கள் மக்களின் சுவையைக் கெடுக்கின்றன என்று கருதினார். அகில இந்திய வானொலியில் திரையிசை அருகியது. நேயர்கள் என்ன செய்தார்கள்? பெட்டியின் முள்ளைக் கொழும்புப் பக்கம் திருப்பினார்கள். இந்தி பேசும் மக்கள் அமீன் சயானியின் பினாக்கா கீத்மாலாவைக் கேட்டார்கள். தமிழ் மக்கள் எஸ்.பி. மயில்வாகனத்தையும், அவருக்குப் பின் கே.எஸ். ராஜா, ராஜேஸ்வரி சண்முகம், பி.எச். அப்துல் ஹமீது ஆகியோரையும் கேட்டார்கள்.

என் தாத்தா கிருஷ்ணகிரி பழையபேட்டையில் தையற்கடை வைத்திருந்தவர். கடையில் தையல் இயந்திரத்துக்கு அடுத்தபடி மதிப்புடைய பொருள் வானொலிப் பெட்டிதான் என்பார். "நம்ம பக்கத்து ஊருப் பேரையெல்லாம் கொழும்புல உக்காந்துகிட்டு ஒருத்தர் படிப்பாருடா. கேட்டா உடம்பு சிலுக்கும்" என்று இன்றும் சொல்கிறார். அவர் பெயர் ஒருமுறைகூட வந்ததில்லை. ஆயினும் வரக்கூடும் என்ற எண்ணமே அவரைப் பெட்டியருகே உட்கார வைத்தது. நேயர் விருப்பத்துக்கும் பிறந்தநாள் வாழ்த்துக்கும் அஞ்சலட்டை எழுதிய எத்தனையோ ஆயிரம் தமிழர்களில் அவரும் ஒருவர்.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். லக்சம்பர்க்கும் இலங்கையும் எல்லைக்கு அப்பால் இருந்தன. ஆனால் எல்லைக்கு இப்பால் இருந்த நேயரை அறிந்திருந்தன. அவரைத் தேடியே ஒலி வந்தது. அவர் மொழியில் பேசியது. அவர் ஊரின் பெயரைச் சொன்னது. அவர் கடிதத்தை எதிர்பார்த்தது. நம் பேருந்தில் பாடும் பெங்களூர்ப் பாட்டு அப்படி வருவதன்று. அது நம்மைத் தேடி வரவில்லை. அடுத்த வீட்டுத் திருமணத்தின் நாதசுரம் நம் வீட்டுக்குள் கேட்பதுபோல, தற்செயலாக நம் காதில் விழுகிறது. கேட்க இனிமைதான். ஆனால் பந்தியில் நமக்கு இலை போடவில்லை.

2001 ஜூலை 3

இலங்கை வானொலியிடம் நேயர்களை இழந்த அகில இந்திய வானொலி விழித்துக்கொண்டது. 1957 அக்டோபர் 3 அன்று விவித பாரதி தொடங்கப்பட்டது. 1967இல் பம்பாய், பூனா, நாகபுரி நிலையங்களின் வாயிலாக அதில் விளம்பரமும் நுழைந்தது. இந்தியாவின் முதல் பண்பலை ஒலிபரப்பு 1977 ஜூலை 23 அன்று சென்னையில் தொடங்கியது என்பது நாம் பெருமையோடு நினைவுகூர வேண்டிய செய்தி. 1993இல் தனியார் நிறுவனங்கள் அரசின் பண்பலையில் சில மணி நேரங்களை விலைக்கு வாங்கி நிகழ்ச்சி நடத்த இசைவு கிடைத்தது.

1995 பிப்ரவரி 9 அன்று உச்ச நீதிமன்றம் ஒரு பெருந்தீர்ப்பு வழங்கியது. கிரிக்கெட் ஒளிபரப்பு உரிமை பற்றி எழுந்த வழக்கு அது. காற்றலைகள் பொதுமக்களின் சொத்து என்று நீதிபதிகள் உரைத்தார்கள். அவை அரசு ஒன்றுக்கே உரியனவல்ல. பொருள் படைத்தவர் மட்டும் வளைத்துக்கொள்ளத் தக்கனவும் அல்ல. இந்தக் கட்டுரையின் பிற்பகுதிக்கு இத்தீர்ப்பு வேண்டும். நண்பர்கள் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

பின்னர் மைய அரசு 40 நகரங்களில் 108 அலைவரிசைகளை ஏலத்துக்கு விட்டது. ஏலம் கேட்டவர்கள் ஆசையால் உயர்த்திக் கேட்டார்கள். உரிமக் கட்டணமோ ஆண்டுதோறும் 15 விழுக்காடு ஏறும் என்பது விதி. கணக்குப் போட்டுப் பார்த்துப் பலர் பின்வாங்கினர். துணிந்து முதலில் இறங்கியது மியூசிக் பிராட்காஸ்ட் என்னும் நிறுவனம். 2001 ஜூலை 3 அன்று பெங்களூரில் ரேடியோ சிட்டி பிறந்தது. இந்திய நாட்டின் முதல் தனியார் பண்பலை நிலையம் அதுவே. இன்று 91.1 மெகாஹெர்ட்சில் ஒலிக்கிறது. இந்தியத் தனியார் வானொலியின் பிறந்த வீடு நம் வீட்டிலிருந்து ஒரு மணி நேரப் பேருந்துப் பயணத்தில் இருக்கிறது என்பதை நம்மில் எத்தனை பேர் அறிவோம்?

அது கொண்டுவந்த மாற்றம் சிறிதன்று. அதுவரை வானொலி அறிவிப்பாளர் என்றால் எழுதிவைத்ததைத் திருத்தமாகப் படிப்பவர். இவர்களோ பக்கத்து இருக்கையில் அமர்ந்திருக்கும் நண்பரைப் போலப் பேசினார்கள். காரில் ஒரு மணி நேரம் நகராமல் நிற்கும் பெங்களூர்வாசிக்கு அப்படி ஒரு துணை தேவைப்பட்டது. கணினித் தொழிலால் கையில் காசு சேர்ந்திருந்த இளைஞர்களை நோக்கி விளம்பரதாரர்களும் வந்தார்கள்.

2005இல் அரசு விதியை மாற்றியது. ஏறிக்கொண்டே போகும் கட்டணத்துக்குப் பதிலாக ஒருமுறை நுழைவுக் கட்டணமும், வருவாயில் 4 விழுக்காடு பங்கும் செலுத்தினால் போதும் என்றது. 91 நகரங்களில் 338 அலைவரிசைகள் ஏலத்துக்கு வந்தன. 2006இல் பெங்களூரில் புதிய நிலையங்கள் அடுத்தடுத்து முளைத்தன. கன்னடத் திரைப்பாடல்களையே முதன்மையாகக் கொண்டவை சில. ஆங்கிலப் பாட்டுக்கென்றே ஒன்று. போட்டி வந்ததும் ஒவ்வொரு நிலையமும் 'நான் பெங்களூரின் குரல்' என்று உரத்துச் சொல்லத் தொடங்கியது. வணிக வானொலியின் இலக்கணமே அதுதான். எந்த ஊருக்கு உரிமம் உண்டோ, எந்த ஊர்க் கடைக்காரர் விளம்பரம் தருகிறாரோ, அந்த ஊரைத்தான் அது பாடும். அதில் குறை காண ஒன்றுமில்லை.

ஆனால் அலைக்கு உரிமப் பத்திரம் படிக்கத் தெரியாது. பண்பலை நேர்கோட்டில் செல்லும் இயல்புடையது. மலை மறைத்தால் நின்றுவிடும், மறைக்காவிட்டால் ஓடிக்கொண்டே இருக்கும். பெங்களூர் ஏறத்தாழ 900 மீட்டர் உயரத்தில் உள்ள மேட்டுநிலம். ஓசூரும் அதே மேட்டின் தொடர்ச்சி. இடையில் அத்திப்பள்ளியில் மாநில எல்லை இருக்கிறதே தவிர, மலை இல்லை. ஆகவே பெங்களூர்ப் பாட்டு தங்குதடையின்றி ஓசூருக்குள் வருகிறது. சூளகிரிக்கு அப்பால் நிலம் தாழ்ந்து குன்றுகள் எழுகின்றன; பாட்டும் நின்றுவிடுகிறது. எங்கள் பேருந்தின் வேடிக்கைக்குக் காரணம் இவ்வளவே.

நான் பட்ட கடன்

நன்றி மறப்பது நன்றன்று. அந்தப் பாட்டுக்கு நான் கடன்பட்டிருக்கிறேன். என் வீட்டில் யாருக்கும் கன்னடம் தெரியாது. நான் கற்றுக்கொண்டது வானொலியில்தான். எட்டாம் வகுப்பு விடுமுறையில் மாமாவுடன் பெங்களூர்ச் சந்தைக்கு ரோஜாப் பூக் கட்டுகளோடு சென்றபோது, வியாபாரியிடம் நான் கன்னடத்தில் விலை பேசியதைக் கேட்டு மாமா வியந்து நின்றார். "எங்கடா கத்துக்கிட்டே?" என்றார். "நம்ம அடுப்படி ரேடியோவுல, மாமா" என்றேன். மொழியை வெறுக்கச் சொல்லித்தரப் பலர் இருக்கிறார்கள்; பாட்டு அதை விரும்பச் சொல்லித்தருகிறது. ஆகவே பெங்களூர் வானொலியை நிறுத்துங்கள் என்று கேட்க நான் எழுதவில்லை. அது வரட்டும், பாடட்டும். நம்முடையதும் ஒன்று வேண்டும் என்பதே என் வாதம். அது ஏன் வேண்டும் என்பதற்கு என் வீட்டில் நடந்த ஒன்றைச் சொல்கிறேன்.

ஒரு மாலைப் பொழுது

2016 செப்டம்பர் 12, திங்கட்கிழமை. காவிரி நீர் தொடர்பாகப் பெங்களூரில் கலவரம் மூண்டது. தமிழ்நாட்டுப் பதிவெண் கொண்ட வண்டிகள் தாக்கப்பட்டன, பேருந்துகள் கொளுத்தப்பட்டன, இரு மாநிலங்களுக்கும் இடையே போக்குவரத்து நின்றது. அப்போது நான் ஆறாம் வகுப்பு. என் அப்பா பொம்மசந்திரா தொழிற்பேட்டையில் ஒரு பட்டறையில் பிட்டர். காலை ஷிப்டுக்குப் போனவர், மாலை 5 மணிக்கு வீடு திரும்ப வேண்டியவர், வரவில்லை. கைபேசி அணைந்திருந்தது.

அம்மா அடுப்படி அலமாரியில் இருந்த வானொலியைத் திருப்பினார். ஏரியல் முறிந்த பழைய பெட்டி அது; பெங்களூர் நிலையங்கள் மட்டுமே அதில் தெளிவாகக் கேட்கும். அவ்வூர்ச் செய்தி அவ்வூர் வானொலியில் வராதா என்று அம்மா நினைத்தார். பாட்டு வந்தது. அது முடிந்து இன்னொரு பாட்டு. பிறகு விளம்பரம். மறுபடி பாட்டு. எல்லை திறந்திருக்கிறதா, மூடியிருக்கிறதா? நடந்து வருபவர்களை விடுகிறார்களா? ஆனேக்கல் வழி பாதுகாப்பானதா? அம்மாவுக்கு வேண்டியிருந்தது அந்த மூன்று விடைகள்தாம். அவற்றுக்குப் பதிலாக அக்கம்பக்கத்தார் கைபேசிகளில் வதந்திகள் வந்தன. யாரோ எங்கோ எடுத்த படத்தைக் காட்டி 'அத்திப்பள்ளியில் இப்படி' என்றார்கள். அம்மா வானொலியையும் அணைக்கவில்லை, அழவும் இல்லை. பாடும் பெட்டியின் முன்னால் அசையாமல் உட்கார்ந்திருந்தார். இனிய காதல் பாட்டு ஒன்று அவ்வளவு கொடுமையாக ஒலிக்கக்கூடும் என்பதை அன்றுதான் அறிந்தேன்.

இரவு 11 மணிக்கு அப்பா வந்தார். அத்திப்பள்ளி வரை ஒரு லாரியில் வந்து, அங்கிருந்து ஜூஜூவாடி வழியே நடந்திருக்கிறார். அவரைப் போல நூற்றுக்கணக்கானவர்கள் மூட்டையும் குழந்தையுமாக நடந்தார்களாம். வழியில் ஒரு கன்னடக்காரர் தம் தேநீர்க் கடையை அரைக் கதவு திறந்துவைத்து, போகிறவர்களுக்கெல்லாம் தண்ணீர் கொடுத்தாராம். "அந்தாளு காசு வாங்கலைம்மா" என்று அப்பா திரும்பத் திரும்பச் சொன்னார். தாக்கியவர்களின் படம் எல்லோருடைய கைபேசியிலும் வந்தது. தண்ணீர் கொடுத்தவரின் கதை எதிலும் வரவில்லை.

அன்று பாட்டுப் போட்ட நிலையம் எது என்று நான் சொல்லப் போவதில்லை. அவர்கள் குற்றம் செய்தவர்களும் அல்லர். தனியார் பண்பலைக்குத் தன் செய்தியாளரை வைத்துச் செய்தி சொல்லும் உரிமை நம் நாட்டில் இல்லை. அகில இந்திய வானொலியின் செய்தியறிக்கையை மாற்றமின்றி அஞ்சல் செய்ய மட்டுமே 2011 விதிகள் இடம் தருகின்றன.

விதி திறந்துவைத்த கதவு

ஆயினும் அதே 2011 விதிகளில் பலர் கவனிக்காத ஒரு பகுதி இருக்கிறது. சில செய்திகள் 'செய்தி' என்ற கணக்கில் சேரா என்று அது சொல்கிறது. போக்குவரத்து நிலை, வானிலை, உள்ளூர்ப் பண்பாட்டு நிகழ்ச்சிகள், திருவிழாக்கள், தேர்வு, தேர்வு முடிவு, கல்லூரிச் சேர்க்கை, வேலைவாய்ப்பு ஆகியவற்றைச் சொல்லலாம். உள்ளூர் நிர்வாகம் தரும் மின்தடை, குடிநீர், இயற்கைப் பேரிடர், நோய் எச்சரிக்கை பற்றிய அறிவிப்புகளையும் தாராளமாகச் சொல்லலாம்.

நண்பர்களே, இப்பட்டியலை மறுமுறை படித்துப் பாருங்கள். ஒரு தொழில் நகரத்துக்கு இதைவிட வேறென்ன வேண்டும்? சிப்காட்டில் எந்த ஆலையில் ஆள் எடுக்கிறார்கள் என்பது வேலைவாய்ப்பு. கெலவரப்பள்ளி அணை திறக்கப்படுகிறது, தென்பெண்ணைக் கரையோரத்தார் விலகியிருங்கள் என்பது பேரிடர் அறிவிப்பு. எல்லையில் வண்டிகள் நிற்கின்றன என்பது போக்குவரத்து. எல்லாவற்றுக்கும் கதவு திறந்தே இருக்கிறது. ஆனால் 'உள்ளூர் நிர்வாகம்' என்றால் எந்த ஊர்? உரிமம் பெற்ற ஊர்! பெங்களூர் நிலையத்துக்குக் கிருஷ்ணகிரி மாவட்ட ஆட்சியரின் அறிவிப்பைச் சொல்ல வேண்டிய கடமை ஏது?

அப்படியானால் ஓசூரின் பெயரால் ஏன் ஒரு வணிக நிலையம் இல்லை? 2005 கொள்கைப்படி தமிழ்நாட்டில் சென்னை, கோவை, மதுரை, திருச்சி, நெல்லை, தூத்துக்குடி ஆகிய நகரங்களில் தனியார் நிலையங்கள் வந்தன. பின்னர் சேலம், ஈரோடு, வேலூர் சேர்ந்தன. 2011 கொள்கை ஒரு லட்சம் மக்கள்தொகைக்கு மேற்பட்ட நகரங்களையே இலக்காகக் கொண்டது. 2001 கணக்கெடுப்பில் ஓசூர் அந்த அளவை எட்டவில்லை, கிருஷ்ணகிரியும் எட்டவில்லை. 2011 கணக்கெடுப்பில் ஓசூர் ஒரு லட்சத்தைத் தாண்டிவிட்டது. 2019இல் மாநகராட்சியும் ஆகிவிட்டது. அசோக் லேலண்டும் டி.வி.எஸ். மோட்டாரும் டைட்டனும் தொழில் செய்யும் ஊர்; பல மாவட்டங்களிலிருந்தும் பல மாநிலங்களிலிருந்தும் பிழைக்க வந்தவர்கள் வாடகை வீடுகளில் வாழும் ஊர். அதற்கெனத் தனியார் வணிக வானொலி இல்லை. குழந்தைக்குத் தைத்த சட்டையை வளர்ந்த பிள்ளைக்குப் போட்டுப் பார்த்து, 'இவனுக்குச் சட்டை பொருந்தாது' என்று விட்டுவிட்டதுபோல் இருக்கிறது இது.

2024 ஆகஸ்டில் மைய அமைச்சரவை மேலும் 234 நகரங்களில் 730 அலைவரிசைகளை ஏலம் விட ஒப்புதல் அளித்தது. அதே ஆண்டு டிசம்பர்த் தொடக்கத்தில் பெஞ்சல் புயலின் மழை நம் மாவட்டத்து ஊத்தங்கரையில் ஒரே நாளில் 50 சென்டிமீட்டர் கொட்டியது. ஏரி நிரம்பி, நிறுத்தியிருந்த வண்டிகளை வெள்ளம் அடித்துச் சென்ற காட்சியை நாடே பார்த்தது. உள்ளூர்க் குரல் எதற்கு என்று இனியும் யாராவது கேட்பார்களாயின், அந்தக் காட்சியை அவர்களுக்குக் காட்ட வேண்டும்.

'இன்று யார் கேட்கிறார்கள்?'

என் கருத்தை நண்பர்களிடம் சொன்னபோது இரண்டு மறுப்புகள் எழுந்தன. இரண்டும் மதிக்கத்தக்கவை.

முதலாவது: 'கையில் கைபேசி இருக்கும்போது வானொலியை யார் கேட்கிறார்கள்?' கேட்பவர்கள் இருக்கிறார்கள். கல்லூரி மாணவர்களாகிய நாம் அவர்களைப் பார்ப்பதில்லை, அவ்வளவுதான். லாரி ஓட்டுநர் கேட்கிறார். தையற்கடையில் கேட்கிறார்கள். ரோஜாத் தோட்டத்தின் பசுமைக்குடிலில் பூப் பறிக்கும் பெண்கள் கம்பியில் தொங்கவிட்டுக் கேட்கிறார்கள். இரு கைகளும் வேலையில் இருப்பவருக்குக் காது மட்டுமே ஓய்வாக இருக்கிறது. மேலும், கைபேசி நாம் விரும்பியதையே நமக்குத் தருகிறது. ஊர் முழுவதற்கும் ஒரே நேரத்தில் ஒரே சொல்லைச் சொல்ல அதனால் இயலாது. 2016இல் எங்கள் தெருவில் ஒவ்வொரு கைபேசியும் ஒவ்வொரு கதை சொன்னது என்பதுதானே சிக்கல்?

இரண்டாவது: 'தருமபுரியில் அகில இந்திய வானொலியின் பண்பலை 102.5இல் இருக்கிறதே!' உண்மை. அதன் தொண்டு பெரிது. வேளாண்மை நிகழ்ச்சிகளுக்காக அதை நாடும் உழவர்களை நான் அறிவேன். ஆனால் ஓசூரின் வாழ்க்கை வேறு. இங்கே பொழுது விடிவது சூரியனால் அன்று, ஷிப்டுச் சங்கால். இரவு 11 மணிக்கு வேலை முடிந்து வருபவனுக்கும் ஒரு பாட்டு வேண்டும். தளி, கெலமங்கலம், பாகலூர்ப் பக்கம் தெலுங்கும் கன்னடமும் பேசும் மக்கள் தமிழ் பேசுவோருடன் கலந்து வாழ்கிறார்கள். ஒரே தேநீர்க் கடையில் மூன்று மொழி கேட்கும் ஊர் இது. தமிழில் பேசி, தெலுங்கிலும் கன்னடத்திலும் பாடி, மூன்றையும் ஒரே பந்தியில் உட்கார வைக்கும் வானொலியை இந்த ஊரால்தான் நடத்த முடியும். பெங்களூராலும் முடியாது, சென்னையாலும் முடியாது.

நாம் செய்யக் கூடியது

குறை கூறுவது எளிது. வழி கூறுவதே கடமை. இரண்டு வழிகளை முன்வைக்கிறேன்.

முதலாவது, ஓசூர் மாநகராட்சியும் தொழில் முனைவோர் சங்கங்களும் சேர்ந்து மைய அரசிடம் ஓசூருக்கெனத் தனி அலைவரிசையைக் கேட்க வேண்டும். துணிக்கடையும் நகைக்கடையும் திருமண மண்டபமும் நிறைந்த ஊரில் விளம்பரத்துக்குப் பஞ்சம் வராது. இது நம் கையில் இல்லாத வழி. கேட்டுக்கொண்டே இருக்கலாம்.

இரண்டாவது நம் கையில் இருக்கும் வழி. கல்வி நிறுவனங்கள் சமுதாய வானொலி நடத்த 2002 முதல் இசைவு உண்டு. 2004 பிப்ரவரி 1 அன்று அண்ணா பல்கலைக்கழகம் 90.4இல் அண்ணா பண்பலையைத் தொடங்கி, நாட்டிலேயே முதல் வளாகச் சமுதாய வானொலி என்ற பெயரைப் பெற்றது. 100 வாட் ஆற்றல் போதும். சுற்றுவட்டாரத்தில் ஏறத்தாழ 10 கிலோமீட்டர் வரை கேட்கும். நிகழ்ச்சிகளில் பாதியாவது உள்ளூரில் உருவானவையாக இருக்க வேண்டும். 2024 முதல் மணிக்கு 12 நிமிடம் விளம்பரமும் செய்யலாம் என்பதால் செலவை ஓரளவு ஈடுகட்டலாம். சமுதாய வானொலியும் தானாகச் செய்தி சொல்ல முடியாது என்பது உண்மை. ஆனால் பேரிடர் எச்சரிக்கைக்கும் வேலை அறிவிப்புக்கும் அது தடையில்லை.

ஓசூரிலும் கிருஷ்ணகிரியிலும் உள்ள அரசுக் கல்லூரிகள் ஆளுக்கொன்று தொடங்கினால் என்ன நடக்கும்? தமிழ்த் துறை மாணவர் அறிவிப்பாளர் ஆவார். இயற்பியல் துறை மாணவர் ஒலிபரப்பியைப் பராமரிப்பார். வணிகவியல் மாணவர் விளம்பரக் கணக்கு எழுதுவார். ராயக்கோட்டைத் தக்காளி விலையும் கிருஷ்ணகிரி மாம்பழ விலையும் காலையில் ஒலிக்கும். தளிப் பக்கத்துப் பாட்டி ஒருவர் நடவுப் பாட்டைத் தெலுங்கில் பாடுவார். எல்லையில் ஏதேனும் பதற்றம் என்றால், மாவட்ட நிர்வாகத்தின் சொல் வதந்திக்கு முன்னால் வீட்டை அடையும். அன்று தண்ணீர் கொடுத்த அந்தத் தேநீர்க் கடைக்காரரை அழைத்து வந்து, ஒலிவாங்கியின் முன் உட்காரவைத்துப் பேசச் சொல்லலாம். கன்னடத்திலேயே பேசட்டும். நமக்குப் புரியும். பெங்களூர் வானொலி நமக்கு அதைக் கற்பித்திருக்கிறது அல்லவா?

காற்றலை மக்களின் சொத்து என்று உச்ச நீதிமன்றம் சொல்லி முப்பது ஆண்டுகள் கடந்துவிட்டன. சொத்து நம் பெயரில் இருக்கிறது. நாம் இன்னும் குடியேறவில்லை. கல்லூரி நிர்வாகம் இதை ஆராய ஒரு குழு அமைக்க வேண்டும் என்று பணிவோடு வேண்டுகிறேன். மாணவர் பக்கத்திலிருந்து முதல் பெயராக என் பெயரைச் சேர்த்துக்கொள்ளலாம்.

இதைத் தாத்தாவிடம் படித்துக் காட்டினேன். முழுவதும் கேட்டார். பிறகு, "அப்படி ஒண்ணு வந்தா நேயர் விருப்பம் இருக்குமாடா?" என்றார். இருக்கும் என்றேன். அலமாரியில் தேடி, மஞ்சளேறிய அஞ்சலட்டை ஒன்றை எடுத்து என்னிடம் கொடுத்தார். கொழும்புக்கு எழுத வாங்கி, எழுதாமல் விட்டதாம். முகவரி எழுதும் இடம் இன்னும் வெறுமையாகவே இருக்கிறது.

— மூன்றாம் ஆண்டு, இளங்கலை வரலாறு